முதல் 72 மணி நேரம் மருத்துவமனையின் பொறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் மீதான பாலியல் வன்முறை பற்றிய செய்தி வந்தாலே கைது, குற்றப்பத்திரிகை, தண்டனை என்றுதான் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக வருகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் தண்டனைகளைக் கூட்டித் திருத்தம் கொண்டுவந்தபோதும் பேச்சு அதைச் சுற்றியே ஓடியது. அந்தப் பெண்ணுக்கு அன்று இரவு என்ன மருந்து கொடுத்தார்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு, சட்ட மருத்துவம், மனநலம், செவிலியர் பணி ஆகிய பிரிவுகளில் இருக்கும் நாங்கள் அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

வன்முறை ஒரு முதன்மையான பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலகச் சுகாதாரப் பேரவை 1996லேயே தீர்மானம் போட்டுவிட்டது. உலகில் மூன்றில் ஒரு பெண், வாழ்நாளில் ஒரு முறையாவது துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கோ பிறரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு. நம் நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் 6 சதவீதம். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டுப் போனவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அந்தக் கொஞ்சம் பேரும் பெரும்பாலும் பிறந்த வீட்டிடம்தான் சொல்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022க்குப் பதிவு செய்த பாலியல் வல்லுறவு வழக்குகள் முப்பத்தோராயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கையும் கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போலீசுக்குப் போகாத பெண்களே மிகப் பெரிய கூட்டம் என்பது விளங்கும். அவர்களில் பலர் வயிற்று வலி, வெள்ளைப்படுதல், தூக்கமின்மை என்று வேறு பெயரில் எங்கள் ஓ.பி. வரிசையில் நிற்கிறார்கள்.

போலீஸ் வழியாகவோ நேராகவோ உடனே வந்து சேரும் பெண்ணை முதலில் எடுத்துக்கொள்கிறோம். இரவு பதினொரு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். “போலீஸ் மெமோ இருக்கா?” என்பதுதான் பெரும்பாலும் காதில் விழும் முதல் கேள்வி. இல்லையென்றால் முதலில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வரச் சொல்கிறார்கள். ஸ்டேஷனில் உட்கார வைத்து, எழுதி வாங்கி, பெண் காவலர் கிடைத்துத் திரும்பி வருவதற்குள் விடிந்துவிடுகிறது. மெமோ கேட்க மருத்துவமனைக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு, அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனைகளும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 357சி என்று 2013இலிருந்தே இருந்தது. மறுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 200ஆம் பிரிவின்படி மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். “இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குப் போங்க” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் நர்சிங் ஹோம்களுக்கும் இது பொருந்தும். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ விதிகள் (2020) இன்னும் வெளிப்படை: எந்த ஆவணத்தையும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது.

காவல் துறைக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனையின் கடமை. அதை மருத்துவமனை தானே செய்ய வேண்டும். அந்தப் பெண்ணைத் தூதனுப்பக் கூடாது. ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போட்டு, காவல் நிலையத்துக்கு இன்டிமேஷன் அனுப்பிவிட்டு, சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். வயது வந்த பெண் வழக்கு வேண்டாம் என்று சொன்னால்? மத்திய சுகாதார அமைச்சகம் 2014 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதற்கும் பதில் சொல்கின்றன. விளைவுகளை விளக்கிச் சொல்லி, அவர் மறுத்ததை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது. பரிசோதனை, தடயம் எடுத்தல், சிகிச்சை ஆகியவற்றுக்குத் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். ஒன்றை மறுத்து மற்றதை ஏற்கலாம். 12 வயது நிறைந்தவரின் சம்மதம் அவருடையதுதான். இத்தனை பக்க வழிகாட்டி வந்து பத்து ஆண்டுகள் கடந்தும் பல அவசரப் பிரிவுகளில் ஒரு நகல்கூடக் கிடைப்பதில்லை.

இனி மருந்து. இதில் எல்லாம் மணிக்கணக்குதான்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. 72 தாண்டினால் பயனில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் நெறிமுறைப்படி பெரியவர்களுக்கு டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து மாறும். நடப்பது என்னவென்றால், இந்த மாத்திரை எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பூட்டியிருக்கும். அந்த மையம் சாயங்காலம் மூடினால் மறுநாள் காலைதான் திறக்கும். சனிக்கிழமை இரவு வந்தவருக்குத் திங்கள்கிழமை. டூட்டி டாக்டரிடம் கேட்டால், “அது ஊசி குத்திக்கிட்ட ஸ்டாஃபுக்குத் தானே?” என்பார். ஊழியருக்கு எந்த மாத்திரையோ அதேதான் இவருக்கும். எச்.ஐ.வி. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பதும், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பரிசோதனை செய்துவிட்டுப் பார்ப்போம் என்பதும் தவறு. ரத்தத்தை எடுத்துக்கொண்டு முதல் மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும். ஏழு நாள் மாத்திரை கொடுத்து வாரா வாரம் வரச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார்கள். பஸ் காசு, வேலைக்கு லீவு, அந்த மைய வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம், எல்லாம் சேர்ந்து நிறுத்திவிடும். 28 நாளுக்கும் மொத்தமாகக் கொடுத்துவிடச் சொல்லி உலகச் சுகாதார நிறுவனமே 2014இல் பரிந்துரைத்திருக்கிறது.

கருத்தடைக்கு லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரே வேளை. 72 மணிக்குள் நன்றாக வேலை செய்யும். 120 மணி வரை கொடுக்கலாம், ஆனால் தாமதம் கூடக் கூடப் பலன் குறையும். ஐந்து நாளுக்குள் காப்பர் டி போடுவது அதைவிட உறுதியான வழி. அவர் ஒப்புக்கொண்டால், அந்த நிலையில் உள்ளே கருவி வைப்பதை அவரால் தாங்க முடிந்தால் மட்டும். மாத்திரை விழுங்கி மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று கொடுக்க வேண்டும். வார்டில் அடிக்கடி சறுக்கும் இடம் இது. கருத்தடை மாத்திரை, பால்வினை நோய்த் தடுப்புக்கான அஸித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸிம் 400 மி.கி., மெட்ரோனிடசோல், எச்.ஐ.வி. மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்து, வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்கிறார்கள். அரை மணியில் எல்லாம் வெளியே வந்துவிடும். எந்த மாத்திரை உள்ளே நின்றது, எது போனது என்று யாருக்கும் தெரியாது. வாந்திக்கு ஒரு மாத்திரை, இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ, அப்புறம் கருத்தடையும் எச்.ஐ.வி. மாத்திரையும். வயிற்றைப் புரட்டும் மெட்ரோனிடசோலை மறுநாளுக்குத் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை. அஸித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் பால்வினை நோய்ப் பிரிவில் சாம்பல் நிறப் பெட்டியாகச் சேர்த்தே வருகின்றன. இரண்டு பெட்டியை அவசரப் பிரிவு அலமாரியில் வைத்தால் இரவில் தேட வேண்டியதில்லை.

கருத்தடை மாத்திரை விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு என்று ஒரு தனிக் கதை இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய விதி அனுமதித்திருக்கும் மருந்து அது. ஆனால் இங்கே பல மருந்துக்கடைகளில் போய்க் கேட்டால் ஒரு பார்வை, ஒரு “இல்லை”. தடை என்று எழுத்தில் எதையும் அவர்கள் காட்டுவதில்லை. மருத்துவமனைக்கு வரவே அஞ்சும் பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒரே கதவும் இப்படி மூடிக்கிடக்கிறது. கர்ப்பம் தரித்துவிட்டால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது என்பதைக் கடைக்காரருக்கும் வார்டில் தயங்கும் சிலருக்கும் சேர்த்தே சொல்லிவைக்கிறோம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்பு போடாதவருக்கு அன்றே முதல் ஊசி, பிறகு ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும். கிடைத்தால் இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 0.06 மி.லி. காயம் இருந்தால் டி.டி. ஊசி. எச்.ஐ.வி. பரிசோதனை அன்றும், 6 வாரம், 3 மாதம், 6 மாதத்திலும். மாதவிலக்கு தள்ளிப்போனால் காத்திராமல் கர்ப்பப் பரிசோதனை. இரண்டு நாள் கழித்து ஒரு முறை வரச் சொல்ல வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆழத்தில் பட்ட அடி முதல் நாள் தோலில் தெரியாது. 48 மணி நேரத்தில்தான் கன்றிச் சிவந்து மேலே வரும். முதல் நாள் “காயம் இல்லை” என்று எழுதிய சான்றிதழோடு கதை முடிந்தால், நீதிமன்றத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் தேவைக்கு மேல் அர்த்தம் கற்பித்துவிடுவார்கள்.

காயம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடலில் கீறல்கூட இல்லாமல் வருபவர்கள்தான் நிறையப் பேர். பயத்தில் உடல் உறைந்துபோவது, மிரட்டல், மயக்கம், நாள் கடந்து வருவது என்று காரணம் பல. அதனால் அறிக்கையில் “காயம் இல்லை என்பதை வைத்து வன்முறை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது” என்று காரணத்தோடு எழுதுவதுதான் மருத்துவம். பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையை 2013இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றே சொன்னது. இத்தனைக்கும் பிறகு 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட சட்ட மருத்துவப் பாடத்திட்டத்தில் கன்னித்திரை, கன்னித்தன்மை எல்லாம் மறுபடி தலைகாட்டின. எதிர்ப்பு கிளம்பி ஒரு வாரத்தில் திரும்பப் பெற்றார்கள். மாணவருக்கு எதைக் கற்பிக்கிறோமோ அதைத்தான் பத்து ஆண்டு கழித்து அவர் இரவுப் பணியில் செய்வார்.

தடயம் எடுப்பதில் என்ன கெட்டுப்போகிறது என்பது வெளியே அதிகம் தெரியாது. சம்பவம் நடந்து 96 மணி நேரம் வரை ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் ஒற்றி எடுக்கும் மாதிரி) எடுக்கலாம். குளித்திருந்தாலும் துணி மாற்றியிருந்தாலும் எடுக்கலாம். “குளிச்சிட்டீங்களா, அப்ப ஒண்ணும் கிடைக்காதே” என்று திருப்பி அனுப்புவது தவறு. தரையில் ஒரு தாள், அதன் மேல் இன்னொரு தாள். மேல் தாளில் நின்றுகொண்டு அவர் துணியைக் களைய வேண்டும். உதிரும் முடி, மண், நார் எல்லாம் அதில் விழும். அந்தத் தாளை அப்படியே மடித்து உறையில் இட வேண்டும். கீழ்த் தாள் தரை அழுக்கு ஒட்டாமல் இருக்கத்தான், அதைத் தூக்கிப் போடலாம். ஒவ்வொரு துணியும் தனி உறை, காகித உறை. ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தியபின். எங்கும் கைக்கெட்டுவது பாலித்தீன் கவர் என்பதால் அதில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும், பாக்டீரியா பெருகும், டி.என்.ஏ. சிதைந்துபோகும். ஆய்வகத்தில் பல மாதம் கழித்துத் திறக்கும்போது கறுத்த துணி ஒன்றுதான் இருக்கும். ஸ்வாபும் அப்படியே. தோலில் உலர்ந்த கறையை எடுக்கக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து உருட்ட வேண்டும். பிறகு காற்றில் உலர வேண்டும். வெயிலும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். அவசரத்தில் ஈரத்தோடு குழாய்க்குள் செருகி மூடி போட்டால் பலன் பூஜ்யம். உள் பரிசோதனைக் கருவியான ஸ்பெகுலத்துக்கு ஜெல்லி தடவக் கூடாது, தண்ணீர் போதும். சிறுநீர் கழிக்கப் போகும் முன் ஸ்வாபை எடுத்துவிட வேண்டும். மயக்க மருந்து கொடுத்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அடுத்து வரும் முதல் சிறுநீரையே சேகரிக்க வேண்டும். டி.என்.ஏ.வுக்கான ரத்தம் ஈ.டி.டி.ஏ. குழாயில், மதுவுக்கான ரத்தம் சோடியம் ஃபுளோரைடு குழாயில்.

தடயம் எடுக்கும் பெட்டியான “கிட் வரல” என்று காரணம் சொல்லும் மருத்துவமனைகள் உண்டு. அந்தக் கிட்டில் என்ன இருக்கிறது? பழுப்புக் காகித உறைகள், பெரிய தாள், பருத்தி ஸ்வாப், ஸ்லைடு, சீப்பு, நகவெட்டி, ரத்தக் குழாய்கள், காய்ச்சி வடித்த நீர், லேபிள், அரக்கு. எல்லாம் மருத்துவமனை ஸ்டோரிலும் எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். முன்கூட்டியே ஐந்து செட் கட்டி வைத்தால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. அதன் பிறகு வரும் தலைவலி, முத்திரையிட்ட பொட்டலத்தை வாங்க விசாரணை அதிகாரி வராமலிருப்பது. வாரக்கணக்கில் அது லேபர் வார்டு மேசை டிராயரில் கிடக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கைமாறியது என்று கையெழுத்தோடு ஒரு பதிவேடு இல்லையென்றால், குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அந்தச் சங்கிலிதான். மருத்துவ அறிக்கை ஏழு நாளில் விசாரணை அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 184ஆம் பிரிவு கெடு வைத்திருக்கிறது. பொட்டலத்தை எடுத்துப்போகவும் அப்படி ஒரு கெடுவை எழுத்தில் வைக்க வேண்டும்.

கர்ப்பம் தரித்தபின் வருபவர்களுக்குக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 24 வாரம் வரை கருக்கலைப்பு செய்யலாம். 20 வாரம் வரை ஒரு மருத்துவர், அதற்கு மேல் இரு மருத்துவர் கருத்து. எஃப்.ஐ.ஆர். நகல் கேட்கத் தேவையில்லை, வயது வந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்தும் தேவையில்லை. கணவரின் கட்டாயத்தால் உண்டான கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு வல்லுறவாகக் கொள்ள வேண்டும் என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பை அறிந்த மகப்பேறு வார்டுகள் குறைவு. வழக்கு இருக்கும் கர்ப்பங்களில், அகற்றிய கருத் திசுதான் தந்தை யார் என்று காட்டும் சாட்சி. அறுவை அரங்கில் எடுத்த எந்தத் திசுவையும் ஃபார்மலின் பாட்டிலில் போடுவது செவிலியர்களுக்குக் கைப்பழக்கம். நோய்க்குறியியல் துறைக்கு அதுதான் சரி. இங்கே அதுவே கேடு. ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். சலைனில் அலசி ரத்தக்கட்டிகளை நீக்கி, காற்றுப் புகாத பாத்திரத்தில் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். அரங்கின் அலமாரிக் கதவில் இந்த ஒரு வரியை எழுதி ஒட்டினாலே போதும், ஆனால் ஒட்டுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியாது.

பதினெட்டு நிறையாத சிறுமிகள் கதை வேறு சிக்கல். போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும். காதலித்துக் கர்ப்பமான பதினேழு வயதுப் பெண்ணின் குடும்பம், பையன் மீது வழக்கு வரும் என்று பயந்து ஆரம்பச் சுகாதார நிலையத்துப் பக்கமே வராமல், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, ரத்தப்போக்கோடு ஐந்தாம் மாதத்தில் கொண்டுவருவார்கள். அதே 2022 தீர்ப்பில், சம்மதத்தோடு உறவு கொண்ட சிறுமியும் அவரது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்காக வந்த அவரது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் காவல் துறைக்கு வெளியிடத் தேவையில்லை என்று இருக்கிறது. கட்டாயத்துக்கு ஆளான குழந்தைக்கு இது பொருந்தாது. இரண்டையும் பிரித்தறிய அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசத்தான் வேண்டும். அம்மாவையும் வெளியே உட்கார வைத்துவிட்டு.

பேசுவது என்றதும் கவுன்சலிங் என்ற பெயரில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காவலர், டூட்டி டாக்டர், லேபர் வார்டு செவிலியர், சட்ட மருத்துவர், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஒருவர் என்று ஒரே இரவில் ஐந்து பேரிடம் அவர் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓ.பி. சீட்டில் சிவப்பு மையில் எழுதி, நீள வராந்தாவில் “அந்தக் கேஸ் வந்தாச்சா?” என்று கத்துவது வேறு. முதல் நாளில் “மனசைக் கொட்டிவிடு” என்று நடந்ததைத் தோண்டித் துருவுவது மனக்காயத்தைக் குறைப்பதில்லை என்று ஆராய்ச்சி காட்டியாயிற்று. தூங்கட்டும் என்று டயஸிபம் எழுதுவதையும் உலகச் சுகாதார நிறுவனம் வேண்டாம் என்கிறது. முதல் நாளுக்குத் தேவையானது மிகச் சாதாரணம்: கதவு மூடிய அறை, ஒரே ஒரு செவிலியர் கூடவே இருப்பது, குடிக்கத் தண்ணீர், மாற்றுத் துணி, “இது உங்க தப்பு இல்லம்மா” என்ற வார்த்தை, அவர் சொல்லும் அளவுக்கு மட்டும் கேட்பது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பொய். முதல் சில வாரங்களில் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல் எல்லாம் பெரும்பாலோருக்கு வரும், பலருக்குத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தணியாவிட்டால் மனநலச் சிகிச்சை தேவை. மாவட்ட மனநலத் திட்டத்தில் ஆள் இருக்கிறார். தொலைபேசி மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416 இருக்கிறது. ஆனால் 28ஆம் நாள் இவரைக் கூப்பிட்டு விசாரிப்பது யார் என்று எங்கும் எழுதப்படவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் யாரோடு போகிறார் என்று கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்படுபவர் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்தவர்தான் என்பது குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. அழைத்துப்போக வந்து நிற்கும் மாமாவே அந்த ஆளாக இருக்கலாம். மாவட்டத் தலைநகரங்களில் சகி ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன, தற்காலிகமாகத் தங்கலாம். 181ஐ அழைத்தால் இணைத்துவிடுவார்கள். இழப்பீடும் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாதது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டத்தில் வல்லுறவுக்குக் குறைந்தது 4 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இடைக்கால உதவியும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஓ.பி. வரிசையில் நிற்கும் மற்றப் பெண்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் சுமார் 38 சதவீதம் என்றது அதே 2019–21 கணக்கெடுப்பு. வல்லுறவுச் சட்டத்தில் கணவருக்கு விலக்கு இருக்கலாம். கிருமிக்கும் கர்ப்பத்துக்கும் மன அழுத்தத்துக்கும் அப்படி விலக்கு இல்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ பாலியல் கொடுமையையும் சேர்த்தே சொல்கிறது. திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, காரணம் தெரியாத அடிவயிற்று வலி, அடுத்தடுத்த கருக்கலைப்பு, உள் பரிசோதனை என்றதும் விறைத்துப்போகும் உடல், எந்தக் கேள்விக்கும் தானே பதில் சொல்லும் கணவர்: இவற்றில் ஏதாவது தெரிந்தால் கேட்க வேண்டும். வருகிற எல்லோரிடமும் கேள்வித்தாள் நிரப்பச் சொல்வதை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. கூட்டத்தில் அது சடங்காகிவிடும். “எடை பார்க்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்” என்று அவரை அனுப்பிவிட்டு, “வீட்ல உங்களுக்கு இஷ்டம் இல்லாதப்பவும் கட்டாயப்படுத்துறாங்களாம்மா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டால் போதும். இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். அடுத்த முறை அவரே சொல்லக்கூடும். கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்சி தரலாம். ஆனால் வீட்டில், மாமியார் காதுபட ஒருபோதும் கேட்கக் கூடாது என்பதையும் அந்தப் பயிற்சியிலேயே சொல்ல வேண்டும். வந்தவர் போனபின் அடி வாங்குவது அந்தப் பெண்தான்.

அரசிடம் நாங்கள் கேட்பது பெரிய நிதி இல்லை. ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் இரவு பகல் திறக்கும் அலமாரியில் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் 28 நாள் பாக்கெட் இரண்டு, கருத்தடை மாத்திரை, சாம்பல் நிறப் பெட்டி. ஒவ்வொரு ஷிப்டிலும் பொறுப்பான செவிலியர் ஒருவர் பெயர் பலகையில். மாதந்தோறும் தணிக்கைக் கூட்டத்தில், தாய் மரணத்தை ஆராய்வதுபோல, மூன்று எண்களைக் கேட்க வேண்டும்: வந்ததிலிருந்து முதல் மாத்திரை வரை எத்தனை மணி நேரம் ஆனது, 28 நாளும் மருந்தை முடித்தவர் எத்தனை பேர், ஆறு வாரத்தில் திரும்பி வந்தவர் எத்தனை பேர். எண் கேட்கத் தொடங்கினால் அலமாரிச் சாவி தானாகக் கிடைக்கும் என்பது அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்களிடமும் இரண்டு வேண்டுகோள் உண்டு. பாதிக்கப்பட்டவரின் பெயரைப் போடக் கூடாது என்ற சட்டத்தைப் பத்திரிகைகள் பெரும்பாலும் மதிக்கின்றன. ஆனால் ஊர், தெரு, பள்ளி, எத்தனையாவது வகுப்பு, அப்பாவின் தொழில் என்று எழுதினால் அந்த ஊரில் யாருக்குத் தெரியாமல் இருக்கும்? அடையாளம் தெரியும்படி எழுதுவதும் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றமே. இன்னொன்று, தற்கொலைச் செய்திக்குக் கீழே உதவி எண் போடுவதுபோல, பாலியல் வன்முறைச் செய்தி ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு பெட்டி போடுங்கள். வாசகத்தை நாங்களே தருகிறோம்:

“பாலியல் வன்முறைக்கு ஆளானால் எந்த மருத்துவமனைக்கும் நேராகப் போகலாம். போலீஸ் மெமோ தேவையில்லை. சிகிச்சை இலவசம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 5 நாளுக்குள் எடுக்க வேண்டும். முடிந்தால் குளிக்காமல், அன்று அணிந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வாருங்கள், குளித்திருந்தாலும் வாருங்கள். உதவிக்கு: பெண்கள் 181, குழந்தைகள் 1098.”

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்
(பணி விதிகளை முன்னிட்டுப் பெயர்களை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்)